கைக்கு எட்டிய மீன்

ஜூன் 9-ஆம் தேதி நள்ளிரவில், கொல்லத்துக்கு வடக்கே உள்ள நீண்டகரைப் பாலத்தின் தூண்களுக்கு இடையே கனத்த இரும்புச் சங்கிலியைக் கட்டுகிறார்கள். அஷ்டமுடிக் காயலில் நிற்கும் படகுகள் கடலுக்குப் போக அதுதான் வழி. சங்கிலி ஏறிவிட்டால் இழுவலைப் படகுகளுக்கு 52 நாள் கட்டாய ஓய்வு. ஜூலை 31 நள்ளிரவில் அது அவிழும்வரை ஒரு படகும் வெளியே போகக் கூடாது. கேரளத்தில் மழைக்காலம் பிறந்துவிட்டதை வானிலை நிலையம் தன் வழியில் அறிவிக்கும். மீன் தின்கிறவர்களுக்கு இந்தச் சங்கிலிதான் அறிவிப்பு.

இதைக் கேட்டு மீன் பிரியர்கள் முகம் வாட வேண்டியதில்லை. பெரிய படகுகள் கட்டிக்கிடக்கும் இந்த நாட்களில்தான் கேரளத்தில் மீன் கரையைத் தேடி வருகிறது. கடலோரத்தில் மத்தியும் இறாலும், வயல் வரப்பில் வராலும் கூரியும், காயலில் கரிமீனும் என்று மூன்று இடங்களிலும் மீன் நடமாட்டம் உண்டு. எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்கிறதே என்று கூடையை நிரப்பிக்கொள்வதில்தான் சிக்கல். மழையில் மீன் நம்மைத் தேடி வருவதாக நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது வருவது முட்டையிட. இல்லையென்றால் முட்டையிலிருந்து வந்த குஞ்சு இரை தேட.

முதலில் கடலைப் பார்ப்போம். இழுவலை என்பது கடலின் அடித்தரையைத் துழாவி வாரும் வலை. இறாலுக்காகப் போட்டாலும் நண்டு, சங்கு, பெயர் தெரியாத பொடிமீன் எல்லாம் சேர்ந்தே ஏறும். 1953-இல் தொடங்கிய இந்தோ-நார்வே திட்டம் நீண்டகரையில் இயந்திரப் படகுகளை அறிமுகப்படுத்தியது. இறால் ஏற்றுமதியில் பணம் கொழிக்க, இழுவலைப் படகுகள் பெருகின. வள்ளத்திலும் கட்டுமரத்திலும் போகிறவர்களின் வலையில் மீன் குறைந்தது. எண்பதுகளில் அவர்கள் தெருவுக்கு வந்தார்கள். மறியல், உண்ணாவிரதம், விசாரணைக் குழு என்று ஆண்டுக்கணக்கில் இழுபட்ட பிறகு, 1988-இல் மழைக்காலத் தடை வந்தது. வலைக்குத் தப்பும் மீன் அந்த நாட்களில் இனம் பெருக்கட்டும் என்பது கணக்கு. 2007-இல் வந்த இன்னொரு சட்டம், தடைக்காலத்திலும் கடலின் மேல்மட்டத்தில் திரியும் மீன்களைப் பிடிக்கப் பாரம்பரிய மீனவர்களுக்கு உள்ள உரிமையை உறுதி செய்தது.

ஆகவே ஜூன், ஜூலையில் கேரளச் சந்தையில் உள்ளூர் மீன் என்றால் அது வள்ளத்து மீன். ஆனால் அந்த மாதங்களில் வள்ளம் இறக்குவது எளிதான வேலையில்லை. தென்மேற்குக் காற்று அலையை ஆளுயரத்துக்கு மேல் எழுப்பிக் கரையில் மோதும். காயல் முகத்துவாரமும் துறைமுகமும் பக்கத்தில் இல்லாத ஊர்களில் வள்ளங்கள் மணலில் குப்புறக் கிடக்கும். அடுப்பு எரிவது கடன் வாங்கித்தான். கர்க்கடக மாதத்தைப் பஞ்ச மாதம் என்று மலையாளிகள் சொல்வது சும்மா இல்லை.

இந்தப் பஞ்சத்தின் நடுவில் சில கரைகளில் மட்டும் திடீரென்று கடல் படுத்துவிடும். அதுதான் சாகர. ஆலப்புழை மாவட்டத்தில் புன்னப்புர, அம்பலப்புழை, புறக்காடு, தோட்டப்பள்ளி பகுதிகள் இதற்குப் பேர்போனவை. கரையை ஒட்டிய கடலடியில் உள்ள நுண்ணிய சேறு மழைக்கால அலையில் கலங்கி, கூழ்போல நீரில் மிதக்கும். வருகிற அலையின் வேகத்தை அந்தக் கூழ் விழுங்கிவிடும். இரண்டு பக்கமும் கடல் சீறிக்கொண்டிருக்க, நடுவே ஒரு திட்டு மட்டும் குளம்போலக் கிடக்கும். அங்கே வள்ளம் இறக்கலாம். மீனோடு திரும்பிக் கரையேறலாம். வேறு கரைகளின் வள்ளங்களும் அங்கே வந்து குவியும். ஒரே வாரத்தில் தேநீர்க் கடை, பனிக்கட்டி வண்டி, ஏலக்காரர் என்று ஒரு சந்தையே முளைத்துவிடும். மலையாளப் பேச்சில் எதிர்பாராத வருமானம் எதற்குமே சாகர என்று பெயர்.

சேறுதான் மீனைக் கொண்டுவருகிறது என்பது பழைய நம்பிக்கை. ஆய்வாளர்கள் சொல்லும் காரணம் சற்று வேறு. மழைக்காலக் காற்றும் நீரோட்டமும் சேர்ந்து, ஆழத்தில் கிடக்கும் குளிர்ந்த நீரைக் கரையோரமாக மேலே கொண்டுவருகின்றன. அதில் உரச்சத்து அதிகம், பிராணவாயு குறைவு. உரத்தால் நுண்பாசி பெருகும். பாசியைத் தின்ன மத்தி வரும். பிராணவாயு குறைந்த அடிநீரிலிருந்து தப்ப, கீழே கிடக்கும் இறாலும் நாக்குமீனும் கரைப்பக்கம் ஒதுங்கும். இது கரையோரம் நெடுகிலும் நடப்பதுதான். போய்ப் பிடிக்க முடிகிற இடம் சாகர. அங்கே மீன் கிடைக்கிறது.

எனவே இந்த மாதங்களில் ஆலப்புழைக் கரையில் கேட்டு வாங்க வேண்டியவை: நெத்திலி, மத்தி, நம் ஊரில் காணாங்கெளுத்தி எனப்படும் அயிலை, மாந்தள் என்று அங்கே சொல்லும் நாக்குமீன், பூவாலன், கரிக்காடி, நாரன் என்ற இறால் வகைகள். தடைக்காலத்தில் பெரிய நெய்மீன், அதாவது வஞ்சிரம், தட்டில் பளபளத்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கிழக்குக் கரையில் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்கே சங்கிலி விழுந்த ஐந்தாம் நாள் தமிழகத்தின் கிழக்குத் துறைமுகங்கள் திறந்துவிடும். அந்த மீன் லாரியேறிக் கேரளத்துக்குப் போகும். அதில் தவறில்லை. ஆனால் தூரம் கூடினால் கள்ளமும் கூடும். 2018 ஜூனில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை எல்லைச் சோதனைச் சாவடிகளில் லாரிகளை நிறுத்திச் சோதித்தபோது, பிணத்தைப் பதப்படுத்தும் ஃபார்மலின் தடவிய மீன் ஆயிரக்கணக்கான கிலோ சிக்கியது. விழி தெளிவாகவும் செவுள் சிவப்பாகவும் இருக்கிறதா, அழுத்தினால் சதை மீள்கிறதா என்ற பாட்டி காலத்துச் சோதனையோடு, எங்கே பிடித்தது என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

இனி மத்திக்கு வருவோம். நாகர்கோவில்காரர்களுக்குச் சாளை. கேரளத்தின் ஏழைக்கும் பணக்காரனுக்கும் பொதுவான மீன். அது சுமார் இரண்டரை ஆண்டுதான் வாழும். ஓராண்டு நிறையும் முன்பே, ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் நீளத்தில் பருவத்துக்கு வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை முட்டையிடும். ஆயுள் குறைவு, பெருக்கம் அதிகம் என்பதால் ஒரு பருவம் தவறினாலே அடுத்த ஆண்டு வலையில் தெரிந்துவிடும். 2012-இல் கேரளத்தில் பிடிபட்ட மத்தி சுமார் 4 லட்சம் டன். 2021-இல் மூவாயிரத்துச் சொச்சம் டன். கொச்சியிலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு இது. நூறு கூடை வந்த கரைக்கு ஒரு கூடை வந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

காரணம் ஒன்றல்ல. 2015-இன் எல்நினோ, கடல் வெப்பம், பாசி வளம் மாறியது என்று இயற்கையின் பங்கு பெரிது. மத்தி காணாமற்போவது புதிதுமல்ல. 1940-களில் மலபார் மதராஸ் மாகாணத்தில் இருந்தபோதே அது அருகிப்போய், சினை மீனையும் குஞ்சையும் பிடிக்க அன்றைய அரசு கட்டுப்பாடு விதித்தது. ஆனால் இயற்கை கைவிடும் ஆண்டில் மிச்சமிருக்கும் மீனை என்ன செய்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. 1980-களின் நடுவில் வந்த ரிங் வலை, மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியை இறுக்கி, மொத்தமாகத் தூக்கிவிடும். கண்ணி சிறியதாக இருந்தால் குஞ்சும் தப்பாது. 2015-இல் கேரள அரசு 14 இனங்களுக்குக் குறைந்தபட்ச அளவு விதித்தது. பிறகு பட்டியல் நீண்டது. மத்தி 10 சென்டிமீட்டருக்கும் அயிலை 14 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் பிடிக்கக் கூடாது. இந்தியாவில் இப்படி அளவுகோல் வைத்த முதல் மாநிலம் கேரளம்தான்.

பின்னர் மத்தி திரும்பி வந்தது. 2023-இல் பிடிப்பு ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது. 2024-இல் நடந்தது விசித்திரம். தடைக்காலத்தில் மத்தி கிலோ 300 ரூபாயைத் தாண்டியது. மாநிலம் முழுக்க அதுதான் பேச்சு. சில மாதம் கழித்துக் கரையோரம் எங்கும் பொடி மத்தி கூட்டங்கூட்டமாக வந்தது. விலை 20, 30 ரூபாய்க்குச் சரிந்தது. நல்ல மழையில் பாசி பெருகி, குஞ்சுகள் ஏராளமாகப் பிழைத்துவிட்டன. கூட்டம் மிகுந்ததால் இரைக்குப் போட்டி வந்து வளர்ச்சி நின்றுபோனது என்று விஞ்ஞானிகள் விளக்கம் சொன்னார்கள்.

அந்த மாதிரிப் பொடி மத்தி நாளொன்றில் ஆலப்புழைப் பக்கம் ஒரு சாலையோரத்தில் நின்றேன். அலுமினியச் சட்டியோடு உட்கார்ந்திருந்த மூதாட்டியிடம், “இவ்வளவு பொடியை ஏன் எடுத்தீர்கள் அம்மச்சி?” என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “பெரிசு வந்தால் காரில் வருகிறவர் வாங்குவார், மோனே. பொடி வந்தால் நடந்து வருகிறவர் வாங்குவார். எது வர வேண்டும் என்று நானா சொல்கிறேன்? வள்ளம் சொல்கிறது” என்றார். வள்ளத்தைக் கேட்டால், டீசல் கடன் சொல்கிறது என்பார்கள். நாற்பது பேர் ஏறிப்போன வள்ளம் வெறுங்கையோடு திரும்பினால் எண்ணெய்க் காசுகூடத் தேறாது. எதிரே ஒரு கூட்டம் பொடிமீன் துள்ளும்போது, சட்டத்தை நினைத்து வலையைச் சுருட்டிக்கொள் என்று கரையில் நின்று சொல்வது எளிது.

கணக்கு என்னவோ மீனவருக்கும் தெரிந்ததுதான். 10 சென்டிமீட்டர் மத்தி கிலோவுக்கு ஏறக்குறைய நூறு நிற்கும். அதே மீன் 15 சென்டிமீட்டர் ஆனால் முப்பது சொச்சம் போதும். நூறு மீனில் பாதியை மற்ற மீன்கள் தின்றுவிட்டாலும், மிச்சம் சில மாதத்தில் ஒன்றரைக் கிலோ ஆகும். விலையோ பல மடங்கு. தவிர, மிஞ்சிய ஐம்பதும் ஒருமுறையாவது முட்டையிட்டிருக்கும். இன்று பிடிக்கும் பொடியில் பெரும்பகுதி நம் சட்டிக்கே வருவதில்லை. மீன்தூள் ஆலைக்குப் போய்க் கோழித் தீவனமாகவும் இறால் தீவனமாகவும் ஆகிறது. இதில் நாம் விட்டுக்கொடுக்க வேண்டியதும் அதிகமில்லை. மத்திக்கு நெய் ஏறுவதே மழை ஓய்ந்த பிறகுதான். அக்டோபர், நவம்பரில் சட்டியில் எண்ணெய் விடாமலே பொரியும்.

கடலை விட்டு உள்ளே வந்தால், இதே கதை ஆற்றிலும் நடக்கிறது. தமிழில் ஊத்தா என்பது அடியும் நுனியும் திறந்த மூங்கில் கூடை. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றும்போது ஊரே திரண்டு முழங்கால் நீரில் ஊத்தாவைக் குத்திக்கொண்டு போகும். உள்ளே மீன் அகப்பட்டால் மேல்வாய் வழியாகக் கைவிட்டு எடுப்பார்கள். மலையாளத்தில் ஊத்த என்றால் கூடை இல்லை. முதல் பெருமழையில் ஆற்றிலிருந்தும் காயலிலிருந்தும் மீன்கள் கால்வாய் வழியே எதிர்நீச்சல் போட்டு வயலுக்கு ஏறும் நிகழ்ச்சிக்கே அந்தப் பெயர். சொல் ஏறக்குறைய ஒன்று. பருவமோ நேர் எதிர்.

நம் கண்மாயில் ஊத்தா இறங்குவது மீனின் ஆண்டுக் கடைசியில். நீர் வற்றிவிட்டது; பிடிக்காவிட்டாலும் பெரும்பாலான மீன் செத்துப்போகும். அது அறுவடை. கேரளத்தில் ஊத்த ஏறுவது மீனின் ஆண்டுத் தொடக்கத்தில். வரால், நாட்டு முஷி, மஞ்சக்கூரி, ஆற்றுவாளை, குறுவைப்பரல் எல்லாம் வயிறு நிறைய சினையோடு, புது வெள்ளம் தேங்கிய வயலைத் தேடி வருகின்றன. ஆழமில்லாத வெதுவெதுப்பான நீர், இரைக்குப் பஞ்சமில்லை, பெரிய மீன்களின் தொல்லை குறைவு. குஞ்சு வளர அதைவிட நல்ல தொட்டில் இல்லை. எதிர்நீச்சலில் களைத்த மீன் மனிதனைக் கண்டு ஒதுங்கவும் மாட்டாது. விளக்கும் வெட்டுக்கத்தியும் போதும். வாய்க்கால் குறுக்கே கூடு வைத்தால் விடிவதற்குள் நிறைந்துவிடும். அன்று ஒரு சினை வராலை எடுப்பவர், ஆயிரக்கணக்கான குஞ்சுகளையும் சேர்த்தே எடுக்கிறார்.

பாட்டன் காலத்தில் ஊத்த பிடித்தார்களே, மீன் தீர்ந்துவிட்டதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அன்று வயல்கள் பரந்து கிடந்தன. ஒரு வாய்க்காலில் மறித்தால் இன்னொன்றில் ஏறும். இன்று வயல் மேடாகி வீடாகிவிட்டது; வாய்க்கால் குழாயாகிவிட்டது. ஏறுவதற்கு மிஞ்சியிருப்பது ஓரிரு வழிகள். அவற்றின் வாயிலும் வலை கட்டினால் மீனுக்குப் போக்கிடம் இல்லை. 2010-இன் கேரள உள்நாட்டு மீன்வளச் சட்டத்தின்படி ஊத்த பிடிப்பது குற்றம். ஆறு மாதம் வரை சிறையும் 15,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. இரவு மழையில் ஒவ்வொரு வாய்க்காலிலும் போலீசை நிறுத்த முடியாது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவது, வேம்பநாட்டுக் காயல். கரிமீனைக் கேரள அரசு 2010-இல் மாநில மீனாக அறிவித்தது. ஆணும் பெண்ணும் சேர்ந்து முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கும் மீன் அது. காவலுக்கு நிற்கும் ஜோடியைப் பிடித்தால் குஞ்சுகள் அனாதை. காயலில் கிளைகளையும் மூங்கிலையும் நட்டு, மீனவர்களே சில இடங்களை மீன் சரணாலயமாகக் காத்துவருகிறார்கள். அங்கே வலை போடுவதில்லை என்பது அவர்களாக ஏற்றுக்கொண்ட விதி. குட்டநாட்டு ஆற்றுக்கொஞ்சின் நிலை இன்னும் கடினம். அந்தப் பெரிய நீலக்கால் இறால் நன்னீரில் வளரும். முட்டை பொரிக்க உப்பு கலந்த நீருக்கு இறங்க வேண்டும். குஞ்சு மறுபடி மேலே வர வேண்டும். நெல்லுக்கு உப்பு ஏறாமல் இருக்க, எழுபதுகளின் நடுவில் தண்ணீர்முக்கத்தில் தடுப்பணை வந்தது. டிசம்பரில் மதகை மூடினால் திறக்கப் பங்குனி, சித்திரை ஆகிவிடும். அதனால் கொஞ்சின் வழி பாதி ஆண்டு அடைபட்டது. இங்கே குற்றவாளி பேராசை அல்ல, சோறு. மதகை எந்த நாளில் திறப்பது என்பதில் விவசாயிக்கும் மீனவருக்கும் ஆண்டுதோறும் வழக்கு.

தில்லியிலோ கொல்கத்தாவிலோ இதைப் படிப்பவருக்கு மத்தி எட்டாத மீனாக இருக்கலாம். விஷயம் எட்டாததல்ல. மேற்கு வங்கத்தில் 23 சென்டிமீட்டருக்குக் குறைவான இல்ஷாவைப் பிடிக்கக் கூடாது என்று 2013 முதல் விதி இருக்கிறது. சந்தையில் அதற்கும் குறைந்தவை வரத்தான் செய்கின்றன. வாங்க ஆள் இருக்கும்வரை வரும்.

மழைக்காலத்தில் மீனே தின்னாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. வள்ளக்காரருக்கும் சட்டி சுமக்கும் அம்மச்சிக்கும் கர்க்கடகத்திலும் வயிறு உண்டு. நெத்திலி வாங்குங்கள், அது வளர்ந்தாலும் நெத்திலிதான். கரிக்காடி வாங்குங்கள், நாக்குமீன் வாங்குங்கள். வளர்ந்த மத்தி கிடைத்தால் கூடுதல் காசு கொடுத்து வாங்குங்கள். பெரிய மீனுக்குக் காசு உண்டு என்பது வள்ளம்வரை போய்ச் சேரும். சினை வரால் என்று யாராவது ரகசியமாகக் கூப்பிட்டால் போகாதீர்கள்.

அளவு பார்க்க ஸ்கேல் வேண்டாம். கட்டைவிரலையும் சேர்த்து உள்ளங்கையின் அகலம் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். மத்தியைக் கையில் குறுக்கே வைத்துப் பாருங்கள். தலையும் வாலும் இரண்டு பக்கமும் நன்றாக வெளியே நீண்டால் வாங்கலாம். கைக்குள்ளேயே அடங்கிவிட்டால், அது இன்னும் சட்டிக்கு வர வேண்டிய மீன் இல்லை.